குருத்தணுவும் குழந்தை வரமும்

அச்சிறுபாக்கம் மழைமலை மாதாவின் திருமுன் பிள்ளை வரம் வேண்டிக் கண்ணீர் வடிக்கும் தம்பதியரை நாம் அறிவோம். செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை அவர்கள் இல்லாத பங்கு இல்லை. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுவைச் சினைப்பையில் செலுத்தினால் தாயாகலாம் என்று அத்தகையோருக்கு இன்று ஆசை காட்டப்படுகிறது.

"திருச்சபைக்கு அறிவியலே ஆகாது" என்று நம்மவர் சிலரே பழிக்கின்றனர். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட 'திக்னித்தாஸ் பெர்சோனே' அறிவுரையை அவர்கள் படித்ததுண்டா? வளர்ந்தோர் உடலிலிருந்தும் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும் தீங்கின்றி எடுக்கப்படும் குருத்தணுக்களை அது ஏற்கிறது. உயிருள்ள கருவைச் சிதைத்து எடுப்பதை மறுக்கிறது. ஒரு குழந்தையைப் பெற இன்னொரு குழந்தையை அழிப்பதா? மேலும், ஆய்வுக்கூடத்தில் சிசுவை உருவாக்குவது வேறு. உடற்குறையை ஆற்றி, இல்லற அன்பின் வழியே கருவுறத் துணைநிற்பது வேறு. பின்னதைத் திருச்சபை வாழ்த்துகிறது.

அறிவியல்தான் என்ன சொல்கிறது? ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் 2012-இல் எலியின் குருத்தணுவிலிருந்து சினைமுட்டைகளை உருவாக்கிக் குட்டிகளையும் பிறப்பித்தனர். மனிதரில் இவ்வாறு ஒரு குழந்தையும் பிறந்ததில்லை. சினைப்பையில் செலுத்தும் முறையும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் தீரும் இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கே குருத்தணுச் சிகிச்சையை ஏற்கின்றன. மலட்டுத்தன்மை அப்பட்டியலில் இல்லை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதனைச் செலுத்துவது முறைகேடு. ஆய்வுக்கு உட்படுவோரிடம் கட்டணம் பெறலாகாது. ஆகவே, நகையை அடகு வைத்துப் பணம் கட்டச் சொல்லும் இடத்தில் நடப்பது வாணிகமே.

ஆயினும் வணிகரைச் சாடிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. அன்னாவை அழவைத்தது பிள்ளையின்மை மட்டுமா? பெனின்னாவின் நாவுமன்றோ (1 சாமு 1:6)! "விசேஷம் ஏதும் உண்டா?" என்று திருப்பலி முடிந்ததும் கோவில் வாசலிலேயே கேட்பவர் யார்? வளைகாப்பில் அப்பெண்ணை ஒதுக்கி நிறுத்துபவர் யார்? குறை கணவனிடம் இருப்பினும் பழியை மனைவிமேல் சுமத்துபவர் யார்? குருவாகிய ஏலியும் அன்னாவைக் குடிவெறியில் இருப்பவளாகவே எண்ணினார். குருக்களாகிய நாமும் கண்ணீரைக் காணாது சட்டத்தை மட்டும் ஓதிய நாள்கள் உண்டு.

குழந்தை இறைவனின் கொடை. கொடை கிட்டாதவர் சாபத்துக்குரியவர் அல்லர். இதை நாம் மெய்யாகவே நம்பி நம் நாவை அடக்கினால், அவ்வணிகரின் கடை பாதி அடைபடும்.