எண்ணூரில் புது அலகுக்கு முன் பழைய சாம்பலை அள்ளுங்கள்

கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தைச் சுற்றியே வடசென்னை, வல்லூர் அனல் மின் நிலையங்கள் நிற்கின்றன. வடசென்னையின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500. மூன்றாம் கட்டமாக இன்னொரு 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. இது போதாதென்று, 2017-இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் அலகு வேண்டும் என்கிறது மின் வாரியம். ஆற்றில் கிடக்கும் சாம்பலை அள்ளி முடிக்கும்வரை அங்கே இன்னொரு அலகுக்கு அனுமதி கூடாது.

நம் நாட்டு நிலக்கரியை நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். வடசென்னையில் அதைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து, ஆற்றைத் தாண்டிச் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். துருவேறிய குழாய் இணைப்பு விட்டுப்போகும். குழம்பு நேரே கழிமுகத்தில் கொட்டும். இது ஆண்டுக்கணக்காக நடக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்குச் சேறு கிடைத்த இடத்தில் இப்போது சாம்பல்தான் கிடைக்கிறது. ஆறு மேடேறிவிட்டதால் படகு தரைதட்டுகிறது. பூண்டியிலிருந்து திறந்துவிடும் வெள்ளமும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும் என்பதைச் சென்னைவாசிகள் நினைவில் வைப்பது நல்லது.

செப்பாக்கத்தில் காற்றடித்தால் சோற்றுத் தட்டிலும் சாம்பல் படிகிறது. அதில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் போன்றவை கலந்திருக்கும். நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்கி, இரத்தத்திலும் கலக்கக்கூடியவை.

இந்தச் சேதத்துக்கு மின் வாரியமே பொறுப்பு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் சொல்லிவிட்டது. பிறகும் சாம்பலை அகற்ற ஏன் தாமதம்? கோடையில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் குழாயை மாற்றுவதாலோ, சாம்பலை உலர்ந்த நிலையிலேயே சேகரித்து சிமென்ட் ஆலைக்கு அனுப்புவதாலோ ஊரே இருளில் மூழ்கிவிடாது. செலவு ஆகும், அவ்வளவே. அந்தச் செலவை இப்போது காட்டுக்குப்பத்து மீனவர்கள் குறைந்த மீன்பாட்டிலும், தாய்மார்கள் பிள்ளைகளின் மருத்துவச் செலவிலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் மின்கட்டண ரசீதில் அது ஏறவேயில்லை.

புகைபோக்கி விவகாரமும் இதே கதைதான். கந்தக டை-ஆக்சைடுக்கு 2015-இல் வரம்பு விதித்த மத்திய அரசு, கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் நிலையங்களுக்குக் கந்தக நீக்கிக் கருவியிலிருந்து விலக்கே அளித்துவிட்டது. பெருநகரங்களிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 இறுதிவரை கெடு. அந்த வாயு காற்றில் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கும்போது, அந்தப் பத்து கிலோமீட்டர் கோட்டை வைத்து விலக்கு தருவது எந்த அறிவியல்? இந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும்.

எண்ணூர் விரிவாக்கத்துக்கு எதிராக 2024 டிசம்பர் கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே மக்கள் பேசிவிட்டார்கள். மாநில அரசு முதலில் கழிமுகத்தைத் தூர்வாரட்டும், குழாய்களை மாற்றட்டும். செப்பாக்கம், காட்டுக்குப்பம் மக்கள் அனைவருக்கும் நுரையீரல் பரிசோதனை நடத்தி, முடிவை வெளியிட வேண்டும். அந்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் வரும் எந்த விண்ணப்பத்தையும் சுற்றுச்சூழல் அமைச்சகம் திருப்பி அனுப்ப வேண்டும்.