எந்தப் பேரில் எழுதுவது?



போன மாதச் சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மழையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தாள். கீழே தன் பேரையும் வகுப்பையும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் அழகாக எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தாள். இரண்டாம் நாள் அந்தப் பேருக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு வார்த்தை கிறுக்கியிருந்தார்கள். என்ன வார்த்தை என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ரப்பர் போட்டு அழித்தாகிவிட்டது. ஆனால் இந்த மாதம் அவளிடம் போய்க் கவிதை கேட்டபோது, "வேணாங்க்கா, எங்கம்மா திட்டுவாங்க. பொம்பளப் புள்ள பேரு செவுத்துல எதுக்குன்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதைப் பற்றி இதழ்க் குழுவில் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்று சொல்லலாம். இனிமேல் யார் பேருமே போட வேண்டாம் என்றார்கள் சிலர். சொந்தப் பேர் போடத் தைரியம் இல்லாதவங்க எழுதவே வேணாம் என்றார்கள் சிலர். எல்லாரும் புனைபெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் இன்னும் சிலர். அதற்குள் மணி அடித்துவிட்டது. "அவரவர் கருத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள் தமிழ் டீச்சர். இது என் கருத்து.

முதலில் பேரே வேண்டாம் என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பென்சிலால் கிறுக்கினாரே, அவர் தன் பேரைப் போட்டாரா? இல்லை. பேர் இல்லாததால்தான் அப்படி எழுத முடிந்தது. நாமும் பேர் இல்லாமல் எழுத ஆரம்பித்தால் அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? எழுதியதற்கு "ஆமாம், நான்தான்" என்று சொல்ல ஒரு பேர் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் புனைபெயர் வைப்பது கோழைத்தனமா? நம் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாதிப் பேர் புனைபெயர்க்காரர்கள்தான்!

பாரதியாருக்கு வீட்டில் வைத்த பெயர் சுப்பிரமணியன். 'பாரதி' என்பது எட்டயபுரத்தில் சின்ன வயதிலேயே கிடைத்த பட்டம். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் மீது இருந்த ஆசையால் 'ஷெல்லிதாசன்' என்றும் அவர் பேர் வைத்துக்கொண்டார். அவர் மீது ஆசை வைத்த புதுச்சேரி கனக சுப்புரத்தினம் 'பாரதிதாசன்' ஆனார். அதற்கு முன் அவரே கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் பேர் போட்டு எழுதியிருக்கிறார். அப்போது அவர் பள்ளிக்கூட வாத்தியார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பாரதிதாசன் மீது ஆசை வைத்த இராசகோபாலன் 'சுப்புரத்தினதாசன்' என்று வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கி 'சுரதா' ஆனார்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒருவர் பேரை ஒருவர் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் எழுத்தைக் கடன் வாங்கவில்லை. பாரதியார் ஷெல்லியைப் போலவே எழுதிக்கொண்டிருந்தால் நாம் இன்று அவரைப் படிப்போமா? பாரதிதாசன் புரட்சிக்கவிஞர் ஆனார், சுரதா உவமைக் கவிஞர் ஆனார். இரண்டு பேருக்கும் நடை வேறு வேறு.

எழுத்தாளர் சுஜாதா ஓர் ஆண் என்பது நம் வகுப்பிலேயே பல பேருக்குத் தெரியாது. அவர் பெயர் ரங்கராஜன், பெங்களூரில் இன்ஜினியராக வேலை பார்த்தவர். ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் என்று இன்னோர் எழுத்தாளர் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று மனைவி பேரை வைத்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவுதான் காரணம்.

பெண்களுக்குக் காரணம் வேறாக இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் ப்ரான்டி என்ற குடும்பத்தில் சார்லட், எமிலி, ஆன் என்று மூன்று அக்கா தங்கைகள். 1846-இல் தங்கள் கவிதைப் புத்தகத்தை கர்ரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்ற பெயர்களில் வெளியிட்டார்கள். பெண் எழுதியது என்று தெரிந்தால் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்தப் பெயர்களிலும் தங்கள் சொந்த முதல் எழுத்துகளை விடாமல் வைத்துக்கொண்டார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் ஒருவருக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவர் அப்போது! கல்யாணத்துக்குப் பிறகும் எழுதத் தடை. துண்டுத் தாள்களில் ஒளித்து எழுதினார். அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க அவருடைய அம்மா உதவினார். கவிதைகள் 'சல்மா' என்ற பேரில் வந்தன. வீட்டில் வைத்த பேர் வேறு. அதே சல்மா பிறகு 2001-இல் பேரூராட்சித் தலைவர் ஆனார். 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவலை எழுதினார். 2025-இல் மாநிலங்களவைக்கும் போனார். அந்தப் புனைபெயர் இல்லையென்றால் ஒளித்து எழுதிய அந்தக் கவிதைகள் வெளியே வந்திருக்காது. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்வார்களா?

"அப்ப கிறுக்கினவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே, அவனுக்குப் பயந்துதானே பேர மாத்தறோம்" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். இதற்காகத்தான் சொல்கிறேன். புனைபெயர் என்பது எழுதுகிறவருடைய விருப்பமாக இருக்க வேண்டும். பெண்களுக்கு மட்டும் ஒரு சட்டமாக ஆகிவிடக் கூடாது. கிறுக்கினால் அழிக்க வேண்டியது நம் எல்லாருடைய வேலை. ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அந்த வார்த்தையைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கென்ன என்று போய்விட்டேன். மறுநாள் டீச்சர் பார்த்துத்தான் அழித்தார்கள். அந்தத் தங்கை அதற்குள் படித்துவிட்டாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஜூலை மாத இதழில் 'அலையரசி' என்ற பேரில் 'கடல் அன்னை' என்று ஒரு கட்டுரை வந்ததே, அதை எழுதியது நான்தான். பேரை யோசிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கட்டுரையை அரை மணி நேரத்தில் ஒரு கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். 'நீலத்திரை விரித்த நெடுங்கடலே' என்றெல்லாம் போட்டேன். டீச்சர்கூட நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் ராத்திரி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது எந்த ஊரு கடலுடி?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நம் கோவளத்துக் கடல் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மீன் நாற்றம் இல்லை, கரையில் காயும் நெத்திலி இல்லை, விடியற்காலை ஏலம் கூவும் சத்தம் இல்லை. வாடைக்காற்று அடித்தால் அப்பா கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாரே, அதுவும் இல்லை.

கோவளம் என்று மூன்று ஊர் இருக்கிறது. கேரளத்தில் ஒன்று, கன்னியாகுமரிப் பக்கம் ஒன்று, நம் ஊர் ஒன்று. மூன்றிலும் கடல்தான். வெளியூரில் பேரைச் சொன்னால் "கேரளாவா?" என்றுதான் கேட்கிறார்கள். நாம் நம் கரையைப் பற்றி நாலு விஷயம் சொன்ன பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள். எழுத்தும் அப்படித்தான். நீங்கள் கடற்புயல், கவிச்சூறாவளி, இளம்பரிதி என்று என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நாலு விஷயம்தான் யார் எழுதியது என்று காட்டும்.

கரையில் நிற்கும் படகுகளைப் பாருங்கள். சாமி பேர், மாதா பேர், பெற்ற தாயின் பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும். அது படகுக்காரருக்கு ஆசை. தப்பில்லை. ஆனால் மீன் வாங்க வருபவர் படகின் பேரைப் பார்த்தா வாங்குகிறார்? செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

நடை என்றால் கஷ்டமான வார்த்தை போடுவது இல்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. 'பாஞ்சாலி சபதம்' நூலின் முன்னுரையில் பாரதியாரே எளிமையான சொல்லும் எல்லாருக்கும் புரிகிற நடையும் வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். அது வந்தது 1912-இல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் 'நெடுங்கடலே' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரிந்தால், எந்த ஊர் என்று கேட்காமல் இருந்தால், அதுதான் உங்கள் நடை.

இதழ்க் குழுவுக்கு என் யோசனைகள் மூன்று.

ஒன்று, சொந்தப் பேரோ புனைபெயரோ, எழுதுகிறவர் விருப்பம். ஆனால் ஏதாவது ஒரு பேர் இருக்க வேண்டும்.

இரண்டு, புனைபெயர் வைப்பவர்களின் உண்மைப் பேரை ஒரு நோட்டில் எழுதி டீச்சரிடம் மட்டும் கொடுத்து வைக்க வேண்டும். புனைபெயரில் ஒளிந்துகொண்டு யாரையும் கிண்டல் செய்து எழுதக் கூடாது.

மூன்று, சுவரில் யாராவது கிறுக்கினால் முதலில் பார்ப்பவர் அழிக்க வேண்டும். இதற்கு நானே முதல் ஆளாகப் பேர் கொடுக்கிறேன்.

கடைசியாக என் பேர். 'அலையரசி'யை விட்டுவிட்டேன். எங்கள் அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் வரை போய் விற்கிறார்கள். தெருவில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கூடக்காரி பொண்ணு போவுது பாரு" என்பார்கள். முன்பெல்லாம் அது காதில் விழுந்தால் வேகமாக நடந்து போய்விடுவேன். அலையரசி என்று வைத்ததே அதை மறைக்கத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. இனிமேல் அதே பேரில்தான் எழுதப் போகிறேன். யார் எழுதியது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

எட்டாம் வகுப்புத் தங்கைக்கு ஒரு வார்த்தை. இந்தச் சார்ட்டின் கீழே வலது மூலையில் ஒரு சாண் இடம் விட்டு வைத்திருக்கிறேன். உன் மழைக் கவிதையை அங்கே மறுபடியும் எழுது. எந்தப் பேர் வேண்டுமானாலும் போட்டுக்கொள். பூவும் வரை. ரப்பரோடு நான் பக்கத்தில் நிற்கிறேன்.



இப்படிக்கு,
கூடைக்காரி மகள்,
ஒன்பதாம் வகுப்பு.