திருச்சி - சென்னை விமானம்: பறப்பது 1 மணி நேரம்... வீடு போய் சேர 4½ மணி நேரம்!

திருச்சி: திருச்சி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் தூரம் சுமார் 290 கிலோ மீட்டர்தான். இதே ஊருக்கு ரயில் பாதையில் போனால் 336 கிலோ மீட்டர். சாலையும் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

இறக்கை மேல காத்தாடி சுத்துற சின்ன ரக ஏடிஆர் விமானம் மணிக்கு சுமார் 500 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும். கணக்குப்படி 35 நிமிஷத்தில் போயிடணும். ஆனா டிக்கெட்டில் போட்டிருப்பது 1 மணி நேரம். ஏன்?

டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கிற நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், சென்னையில் போய் நிறுத்துறது வரை எல்லாம் அதில் அடங்கும். ஓடுபாதைக்கு உருண்டு போகணும், மேலே ஏறணும், இறங்கணும். சென்னையில் இறங்க இடம் இல்லைன்னா வானத்திலேயே ஒரு ரவுண்டு அடிக்கணும்.

சரி, வீட்டுக் கணக்கை பார்ப்போம். காலை 11.30 மணி விமானம் என்றால் 10.30க்கு கவுன்டரை மூடிடுவாங்க. 10 மணிக்காவது உள்ளே இருக்கணும். ஸ்ரீரங்கத்துக்காரர் 9.15க்கு கிளம்பணும். 12.30க்கு இறங்கி, பெட்டியை எடுத்து வெளியே வர 1 மணி. மெட்ரோ பிடித்து எழும்பூர் சேர 1.45. மொத்தம் நாலரை மணி நேரம்!

2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த நெல்லை வந்தே பாரத் ரயில், திருச்சியில் இருந்து எழும்பூருக்கு சுமார் 4 மணி நேரத்தில் போகுது. வீட்டில் இருந்து ஜங்ஷன் போற அரை மணியை சேர்த்தாலும் அதே நாலரைதான்.

அப்போ விமானத்தால் யாருக்கு லாபம்? புதுக்கோட்டைக்காரருக்கு லாபம். திருச்சி விமான நிலையமே புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கு. ஊருக்குள் வராமலே பஸ் ஏறிடலாம். பெரம்பலூர்க்காரருக்கு சுத்த நஷ்டம். சென்னை ரோட்டில் பெரம்பலூரை தாண்டித்தான் திருச்சி. பறந்து வந்து, மறுபடி 60 கிலோ மீட்டர் வடக்கே திரும்பணும். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் நேரே ஊரில் இறங்கலாம்.

வெளிநாட்டில் இருந்து சாவு செய்தி கேட்டு ஓடி வர்றவங்க பாடுதான் பெரும்பாடு. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு திருச்சியில் இருந்தே விமானம் இருக்கு. அதில் சீட் கிடைக்காதவர்கள் சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிக்கிறார்கள். பாஸ்போர்ட் முத்திரை, கஸ்டம்ஸ் முடிச்சு, வேறு டெர்மினலுக்கு நடக்கணும். இடையில் 3 மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடணும். முதல் விமானம் லேட் ஆனால், தனியாக எடுத்த அடுத்த டிக்கெட் பணம் பெரும்பாலும் போச்சு.

இன்னொண்ணு. வெளிநாட்டு டிக்கெட்டில் 30 கிலோ கொண்டு வந்திருப்பாங்க. தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் சாதாரணமாக 15 கிலோதான். மீதி 15 கிலோவுக்கு கவுன்டரில் நின்னு தனியாக காசு கட்டணும்.