பனிக்கடலில் கேளாத குரல்

வட அமெரிக்காவின் உச்சியைச் சுற்றிப் பசிபிக்கை எட்ட ஒரு கடல்வழி தேடி, 1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் இரண்டு கப்பல்களோடு போனார். பனியில் சிக்கிய 129 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. 1859-இல் கிங் வில்லியம் தீவில், சறுக்குவண்டிமேல் ஏற்றிய கனத்த படகு ஒன்று கிடைத்தது. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள், வெள்ளிக் கரண்டிகள், செருப்புகள், தேயிலை, சாக்லேட். பட்டினியில் தள்ளாடியவர்கள் இதையா இழுத்துப் போனார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு. அவர்கள் பசியால் செத்ததை, கடைசியில் மனித மாமிசமே தின்றதை, அப்பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் 1854-லேயே ஆய்வுப் பயணி ஜான் ரேவிடம் சொல்லிவிட்டார்கள். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் அந்த மக்களையே காட்டுமிராண்டிகள் என்று ஏசினார். எவ்வளவு பெரிய அநியாயம்! பின்னாளில் இறந்த மாலுமிகளின் எலும்புகளில் கத்தித் தடம் தெரிந்தது. 2014-இல் ஃபிராங்க்ளினின் எரிபஸ் கப்பல் கிடைத்ததும் இனுயிட் வாய்மொழி காட்டிய பக்கத்தில்தான். 1906-இல் ஃபிராங்க்ளின் தேடிய அந்தக் கடல்வழியை முதலில் கப்பலில் கடந்து முடித்த அமுண்ட்சென், இரண்டு குளிர்காலம் இனுயிட் மக்களருகே தங்கி, கரிபு மான் தோலை எப்படி உடுத்துவது என்று அவர்களிடம் கேட்டுக் கற்றவர்.