எறியப்படும் குப்பி வீணா?

“மிச்ச மருந்த எல்லாம் சும்மா எறியப் போறாங்களாம்.” கிளினிக் முடிகின்ற வேளையில் தாய்மார் சிலர் இப்படி முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். பத்துப் பிள்ளைகளுக்குப் போதுமான குப்பியைத் திறந்து, நான்கு பிள்ளைகளுக்கு ஏற்றிவிட்டு, மீதியை அப்புறப்படுத்தினால் யாருக்கும் மனம் பொறுக்காதுதான். 2022இல் மருந்துக்காகக் கடை கடையாக அலைந்தவர்கள் நாம். வீண்விரயம் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்களும் நாம்தான். ஆயினும், அந்தக் குப்பியை எறிபவர் வீண்விரயம் செய்யவில்லை, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுகிறார் என்பதே என் கருத்து.

தடுப்பூசி மருந்து மற்றைய பண்டங்களைப் போன்றதல்ல. பால் பழுதானால் திரையும். இறைச்சி பழுதானால் மணக்கும். சூட்டில் கெட்ட தடுப்பு மருந்தோ பெரும்பாலும் முன்பிருந்தபடியே தோன்றும். பிள்ளைக்கு ஊசி ஏற்றப்படும், அட்டையில் திகதி பதியப்படும், உம்மா நிம்மதியாக வீடு திரும்புவார். ஆனால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு கிடைத்திருக்காது. அது தெரியவரும் நாள், நோய் வருகின்ற நாள்தான்.

வழமையான தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும். தொழிற்சாலை, விமானம், கொழும்புக் களஞ்சியம், லொறி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கிளினிக்குக்குக் கொண்டுவரும் குளிர்ப்பெட்டி என எல்லா இடத்திலும் இந்த எல்லை மாறக்கூடாது. இதைத்தான் குளிர்ச் சங்கிலி என்கிறார்கள். ஓரிடத்தில் சூடேறிக் கெட்டதை அடுத்த இடத்தில் குளிரவைத்துத் திருத்த முடியாது.

சூடு மட்டுமே பகை என்று நினைப்பதும் தவறு. ஈரல் அழற்சி பீ, ஏற்பு வலி, தொண்டைக்கரப்பான் ஆகியவற்றுக்கான மருந்துகளில் அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டிருக்கும். அவை உறைந்தால் அந்தத் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மருந்து தன் ஆற்றலை இழக்கும். எனவேதான் உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த பனிப்பொதியை உடனே குப்பிகளுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. வெளியில் சற்றுநேரம் வைத்து, குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்குகிறார்கள். பல குப்பிகளில் வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும். சூடு பட்டுப்பட்டு அந்தச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் மருந்தைப் பாவிக்கக் கூடாது. ஆனால் அந்தச் சதுரமும் சூட்டை மட்டுமே காட்டும்; மருந்து உறைந்ததா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் பொறுப்பாக இருந்த மனிதர்தான்.

இனி, எறியப்படும் அந்தக் குப்பிக்கு வருவோம். எல்லா மருந்தையும் அப்படி எறிவதில்லை. கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்த்த சில திரவ மருந்துகளை, உரிய குளிரில் வைத்து மறுமுறையும் பாவிக்கலாம். சின்னமுத்துக்கான மருந்து அவ்வாறல்ல. அது தூளாக வருகிறது. நீர்மம் சேர்த்துக் கரைத்த பிறகு 6 மணித்தியாலம் அல்லது கிளினிக் முடியும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் அதன் ஆயுள். அதற்குப் பின் அது ஆற்றலை இழப்பதோடு கிருமி வளரும் இடமாகவும் மாறலாம். 2017இல் தென் சூடானின் ஒரு கிராமத்தில் சின்னமுத்துத் தடுப்பூசி ஏற்றப்பட்ட 15 பிள்ளைகள் இறந்தார்கள். மருந்து நான்கு நாட்கள் குளிரூட்டப்படாமல் இருந்ததும், அதைக் கரைக்க ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பாவித்ததும் விசாரணையில் வெளிவந்தன. எறிந்திருக்க வேண்டியதை எறியாமல் விட்டதன் விலை அது.

2022 மார்ச் கடைசியில் நம் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. நாங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடம் படித்தோம். மருந்துக்குப் பொறுப்பானவருக்கு அந்த இருட்டு வேறு கேள்வியை எழுப்பியிருக்கும்: உள்ளே இப்போது எத்தனை பாகை? வெப்பமானியைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுவதா, அல்லது நேற்றைய இலக்கத்தையே இன்றும் எழுதிவிட்டுப் போவதா? இரண்டாவதைச் செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. யாரும் பார்க்காத அந்த இடத்தில் உண்மையை எழுதும் கைதான் நம் பிள்ளைகளைக் காக்கிறது.

“ஏழை நாட்டுக்கு இது கட்டுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விரயத்தைத் தடுக்க வேண்டிய இடம் குப்பைக் கூடை அல்ல, அதற்கு முந்திய இடங்கள். பெட்டியின் மூடியைத் தேவையின்றித் திறப்பது, மருந்துப் பெட்டியின் மின்செருகியைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியைச் சார்ஜ் போடுவது போன்றவற்றை நிறுத்தலாம். நாமும் கிளினிக்குக்குக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் போகலாம். நான்கு பேருக்காகத் திறக்கும் குப்பியைப் பத்துப் பேருக்காகத் திறக்க வைப்பது நம் கையிலும் இருக்கிறது.

மேலதிகாரிகளும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எறிந்த ஒவ்வொரு குப்பிக்கும் “யார் செய்தது?” என்று அதட்டினால், அடுத்த முறை அந்தக் குப்பி எறியப்படாது, ஒளிக்கப்படும், ஒரு பிள்ளையின் கையில் ஏற்றவும்படும். “சங்கிலி எங்கே அறுந்தது?” என்று கேட்டால் உண்மை வெளிவரும், சங்கிலியும் சீராகும்.

நம் கல்லூரியில் உயிரியல் படிக்கும் சகோதரிகளில் பலருக்கு வைத்தியராகும் கனவு இருக்கிறது. நல்ல கனவு. ஆனால் தடுப்பூசியைக் கண்டுபிடித்தவரின் உழைப்பு, காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்து எழுதுகின்ற ஒருவரின் நேர்மையில்தான் கடைசியில் தங்கியிருக்கிறது. அந்த நேர்மைக்கும் நாம் மரியாதை செய்யப் பழக வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் மீதி மருந்தை அப்புறப்படுத்துவதைக் கண்டால் முணுமுணுக்கத் தேவையில்லை. நம் பிள்ளைக்கு ஏற்றியது நல்ல மருந்து என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.