கருத்துப் பொருளும் கற்போர் உள்ளமும்

குடியுரிமை யாது என்று வகுப்பில் வினவினால், நூலிலுள்ள வரைவிலக்கணத்தை ஒரு சொல்லும் பிசகாது ஒப்புவிக்கும் மாணவர் பலர். அஃது இல்லாதவனுக்கு யாது குறை என்று அடுத்து வினவினாலோ வகுப்பு முழுதும் வாய்மூடிவிடும். வரைவிலக்கணத்தை அறிதல் வேறு, பொருளை உணர்தல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கண்ணாற் காணத்தக்கதைக் காட்சிப் பொருள் என்றும், உள்ளத்தாலன்றி உணரவாராததைக் கருத்துப் பொருள் என்றும் நாமெல்லாம் பள்ளியிலே பயின்றோம். பயின்றதோடு விட்டுவிட்டோம். நீதி, உரிமை, நாண், நட்பு முதலிய காணாப் பொருள்களின்றி ஒரு தெருவார் ஒருநாளேனும் கூடி வாழ்தல் அரிது. வெள்ளவத்தைக் கடைக்காரர் கொப்பியிற் குறித்துக்கொண்டு அரிசி கொடுப்பதும் நம்பிக்கை என்னும் கருத்துப் பொருளை முதலாகக் கொண்டன்றோ?

இவற்றைக் கற்பிக்கும் நெறியைத் தொல்காப்பியர் அன்றே காட்டியுள்ளார். நாண், வேட்கை முதலியவற்றைப் பொருளியலிலே தொகுத்துரைத்து, இவை நெஞ்சால் உணரப்படுவனவேயன்றிப் பிறர்க்குக் காட்டத்தக்கன அல்ல என்றார். அவ்வளவில் அமையாது, மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடு எட்டனையும் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களம் நான்கு நான்காக 32 வகுத்தார். வெகுளி இன்னதென அவர் வரையறுத்தாரல்லர். உறுப்பறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொலை ஆகிய நான்கிடத்தும் அது தோன்றும் என்றார். பெருமிதத்துக்கோ கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பவற்றைக் களமாக்கினார். பொருளைக் காட்டவியலாதாயின் அது பிறக்கும் இடத்தைக் காட்டுக என்பதே அவர் துணிபு. ஆசிரியப் பயிற்சிக்காலத்து யான் கற்ற உளநூல்களில் இதனினும் தெளிவான முறையைக் கண்டிலேன்.

இம்முறையாற் குடியுரிமையை நோக்குவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் நிபந்தனைகளால், மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்துவந்த இந்திய வமிசாவளித் தமிழருட் பெரும்பாலார் குடிகளாகக் கொள்ளப்படாதொழிந்தனர். மறு ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. முன்னாள் கொழுந்து பறித்த கையே பின்னாளும் பறித்தது. லயம் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணுக்குப் புலனாவது ஒன்றும் குறையவில்லை. ஆயினும் 1964 இல் எழுந்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பேசிக்கொள்வதென ஒதுக்கிற்று. பத்தாண்டு கழித்து அவரையும் சரிபாதியாகப் பங்கிட்டனர். தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் பல. ஏறாது நின்று, எந்நாட்டுக் குடியும் ஆகாதிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டிலேதான் சட்டம் வழிசெய்தது.

கொட்டாஞ்சேனையில் இம்மக்கள் வழிவந்தோர் பலர் வாழ்கின்றனர். பேரன் வகுப்பிலிருந்து வரைவிலக்கணம் ஒப்புவிக்கின்றான். பாட்டனாருக்கு வரைவிலக்கணம் தெரியாது, பொருள் தெரியும். இவ்விருவரையும் ஒருநாள் எதிரெதிரே இருத்திப் பேசவைப்பது ஒரு தவணைப் பாடத்துக்கு ஒப்பாகும் என்பது என் கருத்து.

விஞ்ஞானப் பாடத்தும் இக்குறை உண்டு. நம் நூல்கள் திணிவு என்பதைத் தமிழகத்தார் நிறை என்பர். நாம் நிறை என்பதை அவர் எடை என்பர். இருகரை நூல்களையும் வாங்கிப் படிக்கும் மாணவன் மயங்குகின்றான். சந்திரனிற் சென்றால் ஒன்று ஏறத்தாழ ஆறிலொரு பங்காகும், மற்றது மாறாது என்பதை உணர்ந்தவன் எச்சொல் வரினும் இடறான்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பரீட்சை நெருங்கிவிட்டதே என்பார் உளர். மனனம் செய்த விடைக்குப் புள்ளி கிடைக்கும் என்பதை யானும் மறுக்கவில்லை. அப்புள்ளி பரீட்சை மண்டபத்து வாயிலைக் கடந்து வருவதில்லை.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் வணிகரும் வைத்தியரும் அரசாங்க உத்தியோகத்தரும் உளர். உரிமை, நம்பிக்கை, பொறுப்பு என்னும் சொற்கள் மெய்யாகவே பிறக்கும் களங்களை நாளும் காண்பவர் அவர். பரிசுக் கேடயம் வழங்குவது நன்று. அதனோடு, தவணைக்கு ஒருமுறை ஒரு பாடவேளை வகுப்பிற்கு வந்து, தம் தொழிலிற் கண்ட வழக்கொன்றைப் பெயர் சுட்டாது மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். தமிழ்ப் பாடவேளையொன்றை இதற்கென விட்டுக்கொடுக்க யான் ஆயத்தமாயுள்ளேன்.