வேலை இல்லையா, வேலைக்கு ஆளில்லையா?

வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிய கட்டுரை இடம்பெறாத கல்லூரி மலர் இல்லை எனலாம். ஆயினும் நம் கோவை மாநகரில் இச்சிக்கல் சற்று விந்தையான உருவம் கொண்டிருக்கிறது. குறிச்சி தொழிற்பேட்டைப் பக்கம் சென்று பாருங்கள். பவுண்டரி வாயில்களில் ‘ஆட்கள் தேவை’ என்ற பலகை தொங்குகிறது. உள்ளே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உருக்கிய இரும்பை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டம் பெற்ற நம் அண்ணன்மாரோ போட்டித் தேர்வு நூல்களோடு நூலகத்தில் அமர்ந்திருக்கிறார்கள். இதைக் காணும் பெரியவர்கள், “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

1888இல் ஸ்டேன்ஸ் மில் தோன்றியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கை வைத்தே ஊரார் நேரம் அறிந்தனர். என் பெரியப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒரு நூற்பாலையில் பதிலியாகச் சேர்ந்து, பின்னர் நிரந்தரமானவர். சேமநல நிதி, ஈ.எஸ்.ஐ. மருத்துவம், தீபாவளி போனஸ் எல்லாம் உண்டு. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டினார்; இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். அந்நாளில் பெண் கொடுப்போர் முதலில் கேட்டது, “மாப்பிள்ளை மில்லில் பெர்மனெண்ட்தானே?” என்பதைத்தான். படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை!

அந்த ‘பெர்மனெண்ட்’ எங்கே போயிற்று? நகரத்து ஆலைகள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. புதிய ஆலைகள் கிராமப்புறம் சென்றன. அவற்றுள் பல, மூன்றாண்டு முடிந்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு மங்களகரமான பெயர் வேறு! தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு நீங்கியும் பழையபடி ஓடவில்லை. பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து தந்த லேத்துப் பட்டறைகளோ 2016இன் பணமதிப்பு நீக்கம், 2017இன் சரக்கு சேவை வரி, பின்பு ஊரடங்கு என அடிமேல் அடி வாங்கின.

புள்ளிவிவரம் வேறுவிதமாகப் பேசுகிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நாட்டில் வேலையின்மை 2017-18இல் 6.1 விழுக்காடு, 2023-24இல் 3.2. மகிழலாமா? ஓராண்டில் 30 நாள் வேலை பார்த்தவரும் இக்கணக்கில் வேலையுள்ளவரே. அப்பாவின் பெட்டிக்கடையில் கூலியின்றி உட்காரும் பட்டதாரியும் அப்படியே. வேலையில்லாமல் இருப்பதற்கும் வீட்டில் ஒருவர் சோறு போட வேண்டுமல்லவா? அதற்கு வழியற்றவர் கிடைத்ததைச் செய்கிறார், கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறார். அப்படியிருந்தும் அதே 2023-24இல் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடையே வேலையின்மை 10.2 விழுக்காடு!

2010இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. அங்கே வேண்டப்படுவது பெரும்பாலும் பொறியியலும் சரளமான ஆங்கிலமும். வரலாறும் தமிழும் பொருளியலும் படித்த நாம் அதன் கண்ணாடிச் சுவரைப் பேருந்திலிருந்து பார்க்கிறோம்.

ஆகவே பவுண்டரிக்குப் போகாதவனைச் சோம்பேறி என்னுமுன், அந்தப் பலகையைத் திரும்பப் படியுங்கள். சம்பளம் எவ்வளவு? வேலை தருபவர் முதலாளியா, ஒப்பந்தக்காரரா? சேமநல நிதி உண்டா? ஒன்றும் எழுதியிருக்காது. என் பெரியப்பா பஞ்சுத் தூசியில் முப்பது ஆண்டு உழைத்தார். உழைக்க அஞ்சிய பரம்பரை அல்ல நாம். நாளை நிற்குமா என்று தெரியாத வேலைக்காகப் பட்டத்தைப் பெட்டியில் பூட்ட மனம் ஒப்பவில்லை, அவ்வளவே.

நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கடந்த ஐந்தாண்டுகளில் இக்கல்லூரியிலிருந்து வெளியேறியோர் இன்று என்ன செய்கிறார்கள், எவ்வளவு பெறுகிறார்கள் என்று பொருளியல் துறை ஒரு கணக்கெடுக்கலாம். முகவரிகள் அலுவலகப் பதிவேட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் செல்ல நானும் வகுப்புத் தோழர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.